பக்ஹார்ன் கவுண்டிக்கு ஒரு நம்பகமான ரைபிள்

பக்ஹார்ன் கவுண்டியில் நாய் இல்லாத வீடு உண்டு. பைபிள் இல்லாத வீடுகூடத் தேடினால் அகப்படலாம். துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒன்று, வண்டிச் சீட்டுக்குப் பின்னால் ஒன்று, சில வீடுகளில் குளியலறையில்கூட ஒன்று சாத்தி வைத்திருப்பார்கள். எதற்கு என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஷெரீப் அலுவலகத்துக்கு, சுட்டால் சுடுகிற ஒரு ரைபிள் கிடைக்காமல் போயிற்று. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். லுவான் குபிசெக் சிரிக்கவில்லை.

லுவான் அங்கே துணை ஷெரீப், அதாவது கவுண்டியின் போலீஸ். வடக்கே மணல்மேடுகள் வரை போகிற சரளை ரோடு முழுக்க அவள் பொறுப்பு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த மூலைக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆளே குணமாகி எழுந்து போய்விடுவான் என்பார்கள். பனியில் கவிழ்ந்த லாரிக்காரன் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தவள் அவள். வேலி தாண்டிய மாட்டைத் திருப்பி ஓட்டுவாள், பேசாமல் போன அண்ணன் தம்பிகளைப் பேச வைப்பாள். வந்த நாளிலிருந்து ஒரு மனிதனை நோக்கி அவள் துப்பாக்கி சுட்டது கிடையாது. ஆனால் கவுண்டியின் விதி விதிதான். வருடா வருடம் ரைபிள் தேர்வில் தேறாதவர் ரோட்டில் இருக்கக்கூடாது. அவர்களுக்கு என்று சிறைச்சாலைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத தளத்தில், ஒரு மேசை தயாராக இருந்தது.

வசந்தகாலத் தேர்வில் அவளுடைய ரைபிள் காலை வாரியது. அரைத் தானியங்கி என்று அதற்குப் பெயர். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போகவேண்டும், அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரவேண்டும். லுவானின் ரைபிளில் முதல் குண்டு ஒழுங்காகப் போகும். இரண்டாவது தோட்டா பாதி வழியில் கோணலாக நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கழற்றித் துடைத்தாள், எண்ணெய் போட்டாள், திட்டினாள். அது மசியவில்லை. வீட்டில் அவளுக்குச் சொந்தமாக நல்ல வேட்டைத் துப்பாக்கி இருந்தது. கவுண்டியின் சொத்தல்லாத துப்பாக்கி தேர்வில் செல்லாது. இன்னொரு துணை ஷெரீப்பின் துப்பாக்கியை இரவல் வாங்குவதும் செல்லாது. இலையுதிர்காலத்தில் மறுதேர்வு. அதிலும் போனால் கீழ்த்தளம்.

அவள் நேரே ஷெரீப்பிடம் போனாள். ஷெரீப் ஆர்லன் ஸ்டாக்மன் நல்ல மனிதர், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார், எதையும் முடிவு செய்யமாட்டார்.

"ஷெரீப், எனக்கு வேற ரைபிள் குடுங்க. பகட்டா ஒண்ணும் வேண்டாம். இழுத்தா சுடணும், அடுத்ததும் சுடணும். தினமும் பயிற்சி எடுத்தாலும் தாங்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

ஷெரீப் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீ கேக்கறது நியாயம்தான் லுவான். ஆனா நான் எப்படிம்மா ஒரு ரைபிளைக் கைகாட்டிச் சொல்றது? நவம்பர்ல எலெக்‌ஷன் வருது. ஒரு கம்பெனி சரக்கை எடுத்தேன்னா மத்த கம்பெனி வெச்சிருக்கிறவன் ஒருத்தன் எனக்கு ஓட்டுப் போடமாட்டான். போன தடவை ரோந்து வண்டியை வேற கம்பெனிக்கு மாத்தினேன். என் சொந்த மச்சான் ஈஸ்டர் விருந்துக்கு என்னைக் கூப்பிடலை."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஒரு குழு போட்டுடுவோம். குழு எடுத்தா, அது யாரும் எடுத்ததா ஆகாது பாரு."

இப்படித்தான் நம்பகமான ரைபிள் தேர்வுக் குழு பிறந்தது. முதல் கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில். எல்லாரும் எழுந்து நின்று கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள். பாதிரியார், இன்னும் யாரென்று தெரியாத அந்த ரைபிளை ஆசீர்வதித்தார். அப்புறம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட காசரோல்கள் மேசையில் வரிசையாக வந்தன. எந்த ஊரிலும் இவ்வளவு காசரோல் சாப்பிட்டவர்கள் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

தலைவர் டுவெய்ன் ஹார்ட்விக். கவுண்டி ஆணையர்; தொழில், வயல்களில் சக்கரத்தில் சுற்றிச்சுற்றி வந்து தண்ணீர் தெளிக்கிற நீளமான பாசன இயந்திரங்களை விற்பது. தலைவருக்கான மரச் சுத்தியலைச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார். அதை மேசையில் தட்டும்போது அவர் முகத்தில் வருகிற பரவசத்தை அவருடைய கல்யாணப் போட்டோவில்கூடப் பார்க்கமுடியாது.

லுவான் கையைத் தூக்கினாள். டொக்.

"நீ பேசக்கூடாது" என்றார் ஹார்ட்விக். "அந்த ரைபிளை உபயோகிக்கப்போறவ நீ. உனக்கு இதுல சொந்த ஆதாயம் இருக்கு."

"அப்ப யாருதான் பேசலாம்?"

"உபயோகிக்காதவங்க. அவங்களாலதான் நடுநிலையாப் பேசமுடியும். நீ பொதுமக்கள் நேரத்துல வந்து மூணு நிமிஷம் பேசு. உன் உரிமை அது. அதுக்காகத்தான் நம்ம தாத்தாவெல்லாம் உயிரைக் குடுத்தாங்க."

பொதுமக்கள் நேரம் வந்தது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் மரக்கட்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும் உள்ள ஒழுக்க வித்தியாசத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். ஒருத்தர் தன் தாத்தா கொரியா யுத்தத்தில் சுமந்த ரைபிளைப் பற்றிப் பேசவந்து, தாத்தாவோடு நின்றுவிட்டு, அழுதுகொண்டே இறங்கினார். கறுப்புத் துப்பாக்கி பார்க்கப் பயமாக இருக்கிறது என்றாள் ஒரு அம்மாள். பயமாக இருக்கவேண்டியதுதானே என்றார் அவள் புருஷன். அந்தத் தகராறு அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரின் வண்ணம் வரை போய்த்தான் ஓய்ந்தது. லுவானின் முறை வந்தபோது அவள் மைக்கைப் பிடித்து, "வடக்கு ரோடு எனக்கு உசிரு. அதை விட்டுட்டா நான் யாருன்னே எனக்குத் தெரியாது. சுடற ரைபிள் ஒண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். இன்னும் நிறைய நேரம் மிச்சம் இருந்தது.

"அருமையான உணர்ச்சி" என்று ஹார்ட்விக் கைதட்டினார். "இதைப் பரிசீலிக்க ஒரு துணைக் குழு போடலாமா?"

குழுவின் நிபுணர் பட் ஸ்வோபோடா. ஊரின் ஒரே துப்பாக்கிக் கடை அவருடையது. இடுப்பில் ஒன்று, கணுக்காலில் ஒன்று வைத்திருப்பார். உட்காரும்போது எங்கே எது இடிக்கிறது என்று யோசித்து யோசித்து உட்காருவார். அவர் எழுந்து ஒரு பெரிய உண்மையைச் சொன்னார்.

"சுட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. எல்லாத் துப்பாக்கியும் சுடத்தான் செய்யும். கொடுமைப்படுத்திப் பாக்கணும். அதுல நிக்கிறதுதான் நம்பகமானது."

கூடம் அதிர்ந்தது. சும்மா சுட்டுப் பார்ப்பது என்றால் யார் வந்து வேடிக்கை பார்ப்பார்கள்? கொடுமைப்படுத்துவது என்றால் கவுண்டியே வரும்.

வந்தது. அந்தக் கோடை முழுக்க, கண்காட்சி மைதானத்தில் வாரா வாரம் கொடுமை நடந்தது. தேவாலயப் பெண்கள் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் விற்றார்கள். பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியம் முழங்கியது. ஒவ்வொருவரும் தன் அபிமான ரைபிளை முத்தமிடாத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழு அவற்றைச் சேற்றில் புதைத்தது, பன்றித் தொழுவத்தில் ஓர் இரவு தங்க வைத்தது, இறைச்சிக்கடை உறைகுளிர் அறையில் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே தொங்கவிட்டது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்தது. அறுவடை இயந்திரத்தை மேலே ஏற்றியது. ஒரு வாரம் பட் ஸ்வோபோடா, யாரும் கேட்காமலேயே, ஒரு ரைபிளைக் கான்கிரீட்டில் போட்டு மூடி, மறுவாரம் உடைத்து எடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று லுவான் அவரிடம் கேட்டாள். "நான் கான்கிரீட்டுக்குள்ளேர்ந்தா சுடப்போறேன்?"

"என்ன வேணும்னாலும் நடக்கலாம் லுவான்."

"எனக்கு நடக்கறது பரீட்சை ஒண்ணுதான் பட். நின்னுக்கிட்டு, வெயில்ல, காகித அட்டையைப் பாத்து."

"அது சுலபம். சுலபத்துக்கு எதுக்குச் சோதனை?" என்று பட் பரிதாபமாகப் பார்த்தார்.

ஒவ்வொரு ரைபிளாக விழுந்தது. விழ விழ அதன் சொந்தக்காரர் கிளம்பிப் போய்விடுவார், மறுநாளிலிருந்து பட் ஸ்வோபோடாவின் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். கடைசியில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அது யாருடைய அபிமானமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக பட் தன் கடை மூலையிலிருந்து தூக்கிவந்த, சாதாரணமான, அழகில்லாத கறுப்பு ரைபிள். சேறு, பன்றி, குளிர், அறுவடை இயந்திரம் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் லேசாகக் கீறலோடு அசட்டையாகக் கிடந்தது.

சுட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே. குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய துப்பாக்கியை எவன் தோளில் வைத்துச் சுடுவான்? நடுநிலையாளர்கள் எல்லாருக்கும் திடீரென்று முதுகுவலி. "சராசரி மனுஷங்க யாராவது சுடலாம்" என்று ஹார்ட்விக் சொல்ல, லுவான் போய் எடுத்துக்கொண்டாள்.

இழுத்தாள். போயிற்று. மறுபடி இழுத்தாள். அதுவும் போயிற்று. தோட்டா அடைத்த மகசினில் இருந்ததெல்லாம் வரிசையாகப் போயிற்று, வெறும் தோட்டாக்கூடுகள் புல்லில் கலகலவென்று விழுந்தன, காகித அட்டையின் நடுவில் கை நுழைகிற ஓட்டை விழுந்தது. ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. லுவானுக்கு அழுகை வந்துவிட்டது. ருபார்ப் பண்டத்தைத் தின்றுகொண்டிருந்த ஊர் முழுக்கப் பார்க்கிறது என்று தெரிந்தும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை. இனி கீழ்த்தளம் இல்லை, வடக்கு ரோடு எனக்குத்தான் என்று அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஹார்ட்விக் மைக்கைப் பிடித்தார். "இந்த ரைபிளைப் பாருங்க. இதை மிதிச்சோம், புதைச்சோம், இழுத்தோம். ஒரு வார்த்தை கேக்கலை, ஒரு குறை சொல்லலை. எதிர்த்துப் பேசலை. பக்ஹார்ன் கவுண்டி தன்கிட்ட வேலை பாக்கறவங்ககிட்ட எதிர்பாக்கறதும் இதைத்தான்." கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

லுவான் ரைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனாள். டொக்.

"அதை வெச்சுட்டுப் போ. தேர்வுதான் ஆச்சு. பயிற்சி இன்னும் ஆகலையே" என்றார் ஹார்ட்விக். "பயிற்சிக்குத் தோட்டா வேணும். தோட்டாவுக்கு நிதி வேணும்."

அடுத்த கூட்டத்தில் நிதியைப் பற்றிப் பேசினார்கள். பேசுவதற்கு என்ன இருக்கிறது? பக்ஹார்ன் கவுண்டியில் நிதி என்றால் குலுக்கல், குலுக்கல் என்றால் துப்பாக்கி. தீயணைப்பு வண்டி அப்படித்தான் வந்தது. தேவாலயக் கூரை, பாண்டு வாத்தியங்கள், பிரசவ ஆஸ்பத்திரியின் தொட்டில்கள் எல்லாமே துப்பாக்கிக் குலுக்கலில் வந்தவைதான். டிக்கெட் நன்றாக விற்கவேண்டுமானால் துப்பாக்கிக்குப் பெயர் இருக்கவேண்டும். இந்தக் கோடையில் கவுண்டி முழுக்கப் பெயர் வாங்கிய துப்பாக்கி எது?

லுவானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் தன் மூன்று நிமிடத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"ரைபிளுக்குத் தோட்டா வாங்க அந்த ரைபிளையே குலுக்கல்ல விடறீங்களா?"

"வேற என்னத்தை விடறது? போர்வையையா?" என்றார் ஹார்ட்விக். "போன தடவை போர்வை விட்டாங்க. போர்வை பின்னினவளே வாங்கலை."

"ரைபிள் போயிட்டா தோட்டாவை வெச்சு நான் என்ன பண்றது?"

"பயிற்சி."

"எதை வெச்சு?"

ஹார்ட்விக் பட் ஸ்வோபோடாவைப் பார்த்தார். பட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதே மாதிரி ரைபிள் என் கடைல இன்னொண்ணு இருக்கு. ஆனா ஒரு விஷயம். அதே மாதிரிதான், அதே இல்லை. நம்பர் வேற. அதை நாம இன்னும் சேத்துல புதைக்கலை. பன்னியோட விடலை. நம்பகமானதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அடுத்த கோடைல அதைச் சோதிச்சுடலாம்" என்றார் ஷெரீப் ஸ்டாக்மன் அவசரமாக. எலெக்‌ஷன் அதற்குள் முடிந்திருக்கும்.

"மறுதேர்வு இந்த அக்டோபர்ல ஷெரீப்."

"தெரியும்மா. எனக்கும் வயிறு எரியுது" என்றார் அவர், காசரோலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே.

அப்படியானால் நான் ஒரு டிக்கெட்டாவது வாங்குகிறேன் என்றாள் லுவான். கவுண்டி ஊழியர்கள் குலுக்கலில் சேரக்கூடாது என்றார்கள். பாரபட்சம் என்று யாரும் பேசிவிடக்கூடாதே.

குலுக்கல் நடந்தது. ஜெயித்தது டெல்மர் ருசிச்கா. டெல்மரின் வீடு லுவானின் வடக்கு ரோட்டில்தான். பக்கத்தில் ஏரியே இல்லாத இடத்தில், டிரெயிலர் மேல் ஒரு படகு வைத்துக்கொண்டு, மனைவி விட்டுப்போனதிலிருந்து பியரும் கையுமாக அதிலேயே உட்கார்ந்திருப்பவன். அடுத்த நிலம் வெல்டா போஸ்பிஷிலுடையது. கணவர் இறந்தபிறகு தனியாளாகச் சோளம் போடுகிற அம்மாள் அவள். அவளுடைய பாசன இயந்திரம் வயலைச் சுற்றி வரும்போதெல்லாம் அதன் கடைசிக் குழாய் வேலியைத் தாண்டி, டெல்மரின் படகில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போகும். டெல்மருக்குக் கோபம் வந்தால் இயந்திரத்தைச் சுடுவான். வெல்டா போன் செய்வாள். லுவான் போய்ப் பேசுவாள். டெல்மரின் பழைய துப்பாக்கியும் மக்கர் பண்ணுகிற ஜாதி என்பதால் இதுநாள்வரை குழாய்க்குப் பெரிய சேதம் இல்லை. இப்போது கவுண்டியே ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டு, மிகச் சிறந்த ரைபிளாகப் பார்த்து, கைகுலுக்கி அவனுக்குக் கொடுத்திருக்கிறது.

தோட்டா வந்து இறங்கியது. குலுக்கல் அமோகம், வைக்க இடமில்லாமல் பெட்டி பெட்டியாகச் சிறைச்சாலையின் கீழ்த்தளத்தில் அடுக்கினார்கள். ஒரு சின்னப் போரை நடத்தலாம், துப்பாக்கி மட்டும் இருந்தால்.

அக்டோபர் மறுதேர்வு அன்று காலையில் நல்ல வெயில் அடித்தது. லுவான் தன் பழைய ரைபிளோடு சுடும் கோட்டில் நின்றாள். முதல் குண்டு போயிற்று. இரண்டாவது தோட்டா கோணலாக நின்றது. இழுத்துத் தட்டி வெளியே எடுத்தாள். மறுபடி நின்றது, மறுபடி எடுத்தாள். பிறகு இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கத்தியை வைத்து நெம்பினாலும் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. விசில் ஊதினார்கள். பட்ட குண்டெல்லாம் நடுவில்தான் பட்டிருந்தது. போதுமான குண்டு போகவில்லை.

"குறி பிரமாதம்" என்று ஷெரீப் அவள் தோளைத் தட்டினார். "ஆனா தேறலை. என்னை மன்னிச்சுடு."

"தேறாதது நானா ரைபிளா ஷெரீப்?"

"ரைபிளைக் கீழ உட்கார வைக்கமுடியாதே லுவான்."

அன்று மத்தியானமே வெல்டாவிடமிருந்து போன். டெல்மர் காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறான், இயந்திரம் பல இடத்தில் பொத்துக்கொண்டு வயலே குளமாகிவிட்டது என்றாள். வடக்கே போக வேறு ஆள் இல்லை. ஷெரீப் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எல்லாரும் சொல்கிற அந்த விதி, எழுத்தில் பார்த்தால், தேறாதவர் ரைபிளோடு ரோட்டுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தது. ரைபிள் இல்லாமல் போகக்கூடாது என்று எங்கேயும் இல்லை. "இன்னிக்கி மட்டும் போயிட்டு வந்துடு" என்றார்.

லுவான் வெறுங்கையோடு போனாள். டெல்மர் படகில் உட்கார்ந்திருந்தான், மடியில் அந்தக் கீறல் விழுந்த கறுப்பு ரைபிள்.

"வா லுவான், ஏறு. பியர் இருக்கு."

"ரைபிளைக் குடு டெல்மர்."

"இரு, ஒண்ணு பாரு" என்று ஒரு குண்டு விட்டான். தூரத்தில் குழாயில் இன்னொரு ஊற்று கிளம்பியது. "பாத்தியா? ஒரு தடவைகூட நிக்கலை. குழுக்காரங்க சும்மா சொல்லலை. உன் ரைபிள் எங்கே?"

"காலைல பரீட்சை. தேறலை. இனிமே இந்த ரோட்டுக்கு நான் வரமாட்டேன். இதுதான் கடைசி."

டெல்மர் பியரைக் கீழே வைத்தான். "அப்ப யார் வருவா?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ."

"யாரோ வந்தா நான் எப்படிக் குடுப்பேன்? அவன் என்னைச் சுட்டுடுவானே." அவன் மகசினைக் கழற்றி, துப்பாக்கிக் குழலைத் தன் பக்கம் வைத்து, பிடியை அவளிடம் நீட்டினான். "இதை வெச்சுப் பரீட்சை குடுத்திருந்தா தேறியிருப்பே, இல்ல?"

"தேறியிருப்பேன்" என்றாள் லுவான். ரைபிளைப் படகிலேயே ஓங்கி அடித்து உடைத்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. இதை அறுவடை இயந்திரத்தாலேயே உடைக்க முடியவில்லை என்பது நினைவுக்கு வந்து, பேசாமல் வண்டியில் கொண்டுபோய் வைத்தாள்.

டெல்மர் கைதானான்; ரைபிள் இப்போது அவன் வழக்கின் சாட்சிப் பொருள். வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது. சிறைச்சாலையின் கீழ்த்தளத்தில் கம்பிவலைக்குப் பின்னால், தோட்டாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்குக் காவலாகத்தான் அந்த மேசை. அதில்தான் லுவானை உட்கார வைத்தார்கள்.

குழுவின் கடைசிக் கூட்டத்தில் ஜாமீனில் வந்திருந்த டெல்மர் பொதுமக்கள் நேரத்தில் மூன்று நிமிடம் பேசினான். நாள் முழுக்கச் சுட்டதாகவும், ரைபிள் ஒருதடவைகூடத் தகராறு பண்ணவில்லை என்றும் சொன்னான். எழுந்து நின்று கைதட்டினார்கள். கடும் உபயோகத்தில் ரைபிள் எப்படி என்று இதுவரை நேரில் சொன்ன ஒரே ஆள் அவன்தான். ஹார்ட்விக் நெகிழ்ந்துபோனார். "ரைபிள் கிடைச்சாச்சு, தோட்டா கிடைச்சாச்சு, ரெண்டும் ஒரே கட்டிடத்துல பத்திரமா இருக்கு. குழு தன் வேலையை முடிச்சுடுச்சு" என்று அறிவித்துச் சுத்தியலைத் தட்டினார். அன்றைக்கு வெல்டாவுக்குப் புதுப் பாசன இயந்திரம் விற்றவரும் அவர்தான்.

ஷெரீப் ஸ்டாக்மன் எலெக்‌ஷனில் ஜெயித்தார். வடக்கு ரோடு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. ஒருநாள் ஹார்ட்விக் ஒரு தட்டு நிறைய, பிளம்பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி பன்களோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். லுவான் கம்பிவலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சேதி லுவான். வடக்கு ரோட்டுக்கு ஆள் எடுக்கப் புதுக் குழு போட்டாச்சு. நான்தான் தலைவர்."

"எப்படிப்பட்ட ஆள் தேடறீங்க?"

"நம்பகமான ஆளா இருக்கணும். பனி, சேறு, ராத்திரி, பகல் எதுவானாலும் தாங்கணும். எத்தனை தடவை கூப்பிட்டாலும் போகணும். அங்க இருக்கறவங்க அவன் சொன்னா கேக்கணும். சும்மா எடுத்துட முடியாது பாரு, கோடைல சோதனை வெக்கணும். நீ அந்த ரோட்டுல இருந்தவ, உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?"

லுவான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை; நிஜமாகத்தான் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவர் தட்டை மேசையில் வைத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, படியேறிப் போனார்.

போன் அடித்தது. வெல்டாதான். வடக்கு ரோட்டு அழைப்பை ஏற்க மேலே ஷெரீப் அலுவலகத்தில் ஆளில்லாததால் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள்.

"லுவான், டெல்மர் வேற ஒண்ணு வாங்கிட்டான். இந்தத் தடவை குழாயைச் சுடலை. என் வீட்டுப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டு இருக்கான். நல்லாக் குடிச்சிருக்கான். நீ எப்ப வருவே?"

"நான் வரமுடியாது வெல்டா. மேல ஷெரீப்கிட்ட இப்பவே ஓடிப்போய்ச் சொல்றேன்."

"அவர் யாரை அனுப்புவார்?"

லுவானுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "குழு போட்டிருக்காங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கறேன்" என்று சொல்லி வெல்டா போனை வைத்தாள்.